கங்காணி பார்த்து வைங்க, மருமகனே

வாங்க எஞ்சினியர் தொரை! பேராதனையில படிக்கிற ஆளு, இரத்தோட்டையில ரேடியோ பழுது பார்த்த கெழவன்கிட்ட யோசனை கேக்க வந்திருக்கீங்க. ஒங்க புரொபசருக்குத் தெரிய வேணாம்.

3.3 வோல்ற் எல்.டி.ஓ. ரெகுலேட்டர், அதுக்கு எரர் ஆம்பிளிபையர் எது வைக்கிறது, அதானே? நம்ம பழைய 7805-க்கு 2 வோல்ற் கூடக் குடுத்தாத்தான் ஓடும். ஒங்களுக்கு லித்தியம் பேட்டரி 3.6-க்கு எறங்கினாலும் 3.3 வேணும், அதனால மேல பாஸ் ட்ரான்சிஸ்டரா பீமாஸ் போட்டிருக்கீங்க. சரிதான்.

எரர் ஆம்பிளிபையர் நம்ம மலைக் கங்காணிதான். 1971-ல விட்லர் காட்டின 1.2 வோல்ற் பேண்ட்கேப்பு அவர் கையில இருக்குற அளவு. வெளிய வர்றதுல ஒரு பங்கப் பிரிச்சு அதோட ஒத்துப் பார்த்து, கொறைஞ்சா சத்தம் போடுவாரு, கூடினா அடக்குவாரு. கண்ணு கூர்மை பத்தலன்னு பெரிய கங்காணிக்குக் கீழ ஒரு சில்லறைக் கங்காணியையும் வச்சீங்கன்னா, அதான் டூ ஸ்டேஜ். கெயின் கூடும், மெய்தான். ஆனா உத்தரவு கை மாறிப் போய்ச் சேர்றதுக்குள்ள மலையில நெலவரம் மாறிடும். ‘போதும்’னது ‘இன்னும்’னு சொல்ல வேண்டிய நேரத்துல போய் விழும். அப்புறம் ஆட்டந்தான், அதை அடக்க மில்லர் கொள்ளளவி தேடுவீங்க.

டெலஸ்கோப்பிக் வேணாம். கெயின் கெட்டி, கை நீளாது. லோடு இல்லாதப்ப அந்தப் பீமாஸோட கேட்டு சப்ளைக்குக் கிட்ட ஏறணும், முழு லோடுல கீழ எறங்கணும். நீங்க ஆசப்படுற ஃபோல்டட் காஸ்கோடு கை நீட்டும், ஆனா சும்மா நிக்கிறதுக்கே கரண்ட் தின்னும். பேட்டரி பாவம்.

என்னைக் கேட்டா மொதல்ல அஞ்சு ட்ரான்சிஸ்டர் ஓ.டி.ஏ.வ வச்சுப் பாருங்க. கெயின் நூறு மடங்கு பக்கம் வரும், மிச்சத்தைப் பாஸ் ட்ரான்சிஸ்டர் கூட்டும். மேல பீமாஸ் மிரர் இருந்தா சப்ளை ஆடுறப்ப கேட்டும் கூடவே ஆடும். ஆட்டம் வெளிய கசியுறது கொறையும். கேட்டு பெருசா இருந்து இழுக்க முடியலன்னா நடுவுல ஒரு பஃபர்.

இப்ப ஒண்ணு சொல்லுங்க: வெளிய 1 மைக்ரோஃபராட் வைப்பீங்களா, வைக்காமலே ஓட்டுவீங்களா? வச்சு அதையே நம்பினா முழு லோடுலதான் நடுங்கும். வைக்கலன்னா லோடு கொறைஞ்ச நேரத்துல. எந்தக் கங்காணின்னு அதப் பொறுத்துத்தான் சொல்ல முடியும்.

என்ன முழிக்கிறீங்க? அதை முடிவு பண்ணாமலா காஸ்கோட வரைஞ்சீங்க, அதுவும் ரெண்டு கலர் பேனாவுல?