கார்டு செருகியாச்சு, குரல் எங்கே?

கேள்வி: வாய்ஸ் ஓவர் ஐபி கார்டு வாங்கியாயிற்று. ஈபிஏபிஎக்ஸ் போன் பெட்டியில் ஸ்லாட்டும் காலி. செருகிவிடலாமா?

பதில்: கை பரபரத்தாலும், முதலில் இருக்கிற புரோகிராமிங்கை லேப்டாப்பில் பேக்கப் எடுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரி வயரையும் கழற்றுங்கள். கரண்ட் போனாலும் பேசுவதற்காகப் போட்ட பேட்டரி அது. சுவிட்சை மட்டும் அணைத்தால் பெட்டி விழித்தே இருக்கும். எர்த் ஆன உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, கார்டை ஓரத்தில் பிடித்துச் செருகுங்கள்.

கேள்வி: மணி அடிக்கிறது, எடுத்தால் எதிர்முனைக் குரல் கேட்கவில்லை. கார்டு ஊமையா?

பதில்: கார்டு நல்ல கார்டுதான். ரவுட்டரைப் பாருங்கள். அழைப்பு வருவது பெரும்பாலும் 5060 என்ற போர்ட்டில்; பேச்சு வருவது வேறு போர்ட்டுகளில். மாப்பிள்ளையை முன்வாசலில் வரவேற்றுவிட்டு, சீர்வரிசை வரும் பின்வாசலைப் பூட்டினால் எப்படி? கார்டின் என்ஏடி பகுதியில் பப்ளிக் ஐபியைப் போடுங்கள். பேச்சுக்கான போர்ட்டுகளைச் சேவை தருபவரின் முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி (SIP ALG) இருந்தால் அணைத்துப் பாருங்கள். பாதித் தகராறு அங்கேதான்.

கேள்வி: எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேச எவ்வளவு நெட் வேண்டும்?

பதில்: ஜி.711 கோடெக்கில் குரல் மட்டும் 64 கேபிபிஎஸ். பாக்கெட் மேலுறைகளும் சேர்ந்தால் ஒரு காலுக்கு ஒரு திசையில் சுமார் 87. எட்டுக்கு 700. இன்றைய பிராட்பேண்டுக்கு அது கொசுறு. சிக்கல் வேகத்தில் இல்லை, தாமதத்தில். குரல் போய்ச் சேர 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் மற்றவர் விழுவார். யாரோ சினிமா டவுன்லோட் செய்யும்போதும் குரல் முந்திப்போக, ரவுட்டரில் கியூஓஎஸ் போடுங்கள்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101. ஞாபகம் வைக்கச் சுலபம்தானே?

பதில்: திருடனுக்கும் அதே சுலபம்! ராத்திரியோடு ராத்திரியாக உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசிவிடுவான். காலையில் பில் உங்களுக்கு. நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். ஐஎஸ்டி தேவையில்லாத எக்ஸ்டென்ஷனில் அதைப் பூட்டுங்கள்.

கேள்வி: இனி பழைய காப்பர் லைன் எதற்கு? சரண்டர் செய்துவிடலாமா?

பதில்: ஒன்றையாவது வைத்திருங்கள். அதற்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. கரண்டும் போய் யுபிஎஸ்ஸும் ஓய்ந்தபின் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், அந்த லைனில் நேரடியாக மாட்டிய சாதாரண போனில் 112 அடிக்கலாம். மாத வாடகையைக் கணக்குப் பார்க்கிற இடம் இதுவல்ல.