கோச்சிக்குச் சாணை பிடித்த கதை

அத்தான் கேட்டது ஒரேயொரு படம்.

"தம்பி, இரவு மெயில் கொக்குவிலைக் கடக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மூண்டடி அகலத்திலை அடிச்சு பேஸ்மென்ரிலை மாட்டப்போறன். இஞ்சின் நம்பர் வாசிக்கக்கூடியதா இருக்கவேணும்."

1988 இல் ரொறன்ரோவுக்குப் போனவர். அக்காவைக் கட்டியவர். மறுத்தால் அடுத்த அழைப்பு அக்காவிடமிருந்து வரும், அது முக்கால் மணித்தியாலம் நீடிக்கும். ஒப்புக்கொண்டேன்.

நான் இருப்பது திருநெல்வேலியில். நெல்லையப்பரும் அல்வாவும் உள்ள ஊர் என்று தமிழ்நாட்டு நண்பர்கள் நினைத்துக்கொள்வார்கள். இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. எங்களிடம் இருப்பது பல்கலைக்கழகமும் சந்தையும் நுளம்பும். அங்கே பெரிய ஜங்ஷன் உண்டு, இங்கே ஸ்ரேசனே கிடையாது. ரெயினை, எங்கள் பேச்சில் கோச்சியை, பார்க்க வேண்டுமென்றால் பரமேஸ்வராச் சந்தியிலிருந்து மேற்கே சைக்கிள் மிதித்துக் கொக்குவிலுக்குப் போகவேண்டும்.

போனேன். ஒழுங்கையொன்று தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில், இருட்டில், சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, அதன் சீற்றில் கமராவை வைத்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிள் சீற்றை விட நல்ல முக்காலி உலகத்தில் இல்லை என்பது அன்றுவரை என் கொள்கை. மெயில் வந்தது. தரை அதிர்ந்தது. ஸ்ராண்ட் செம்மண்ணில் ஒரு விரற்கடை புதைந்தது. பத்துப் படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், முன்னே ஒரு வெள்ளைப் பூசணிக்காய். அதுதான் இஞ்சினின் முகவிளக்கு. பின்னால் மஞ்சளாய் ஒரு இழுவல். அவை பெட்டிகள். மிச்சமெல்லாம் கறுப்பு.

பிழை எங்கே என்று கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரெயின் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். கமராவின் கண் முப்பதில் ஒரு செக்கன் திறந்திருந்தாலே வண்டி 55 சென்ரிமீற்றர் நகர்ந்திருக்கும். அதாவது ஒரு முழத்துக்கும் மேல். ஒரு முழம் இழுபட்ட இலக்கத்தை யார் வாசிப்பது? ஐந்நூறில் ஒரு செக்கன் திறந்தால் அசைவு மூன்று சென்ரிமீற்றருக்குச் சுருங்கும், ஆனால் வெளிச்சமும் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் வராது. அதைச் சரிக்கட்ட ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்திறனைக் கூட்டினால் படம் முழுவதும் ஒடியல் மாவைத் தூவியதுபோல் பொரிபொரியாகிவிடும். இருட்டு ஒரு பக்கம் இழுக்க, ஓட்டம் மறுபக்கம் இழுக்க, நடுவில் நின்று நுளம்புக்கடி வாங்குபவன்தான் படமெடுக்கிறவன்.

அமெரிக்காவில் ஓ. வின்ஸ்ரன் லிங்க் என்றொரு படப்பிடிப்பாளர் இருந்தார். 1955 முதல் 1960 வரை, நோர்ஃபோக் அண்ட் வெஸ்ரேர்ண் ரெயில் பாதையின் கடைசி நீராவி இஞ்சின்களை இரவிரவாகப் படமெடுத்தவர். இருட்டோடு மல்லுக்கட்டாமல் வெளிச்சத்தைத் தன்னோடு கொண்டுபோனார். பாதையோரமெங்கும் டசின் கணக்கில் பளிச்சு பல்ப்புகளை வயரால் இணைத்து, ரெயின் வந்த கணத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக எரியவிடுவார். 1956 ஓகஸ்ற்றில் ஒரு திறந்தவெளிப் படமாளிகையில் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. காருக்குள் ஒரு சோடி, எதிரே திரையில் விமானம், பின்னால் பாய்ந்து போகும் ரெயின். பல்ப் வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போனதால், விமானத்தை வேறொரு படத்திலிருந்து எடுத்துப் பிறகு ஒட்டினாராம். இதை வாசித்ததும் என் மனச்சாட்சி நிமிர்ந்து உட்கார்ந்தது. லிங்க் ஒட்டலாமென்றால் நான் கொஞ்சம் கூராக்கினால் என்ன?

அதே 1956 ஏப்ரலில்தான் இங்கே யாழ்தேவி ரெயின் ஓடத் தொடங்கியது. அதற்கு யாரும் பல்ப் கட்டவில்லை. இப்போது நான் கட்டலாமா என்றால், சாரதியின் கண்ணில் பளிச்சென்று அடித்துவிட்டுப் பொலிஸில் விளக்கம் சொல்ல என்னிடம் சிங்களம் போதாது.

ஆகவே சாணை பிடிக்கத் தொடங்கினேன்.

படத்தைக் கூராக்கும் மென்பொருள்களில் முதன்மையான கருவிக்குப் பெயர் 'அன்ஷார்ப் மாஸ்க்'. கூர்மையில்லாத முகமூடி என்று அர்த்தம். முதலில் மென்பொருளைச் சந்தேகித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது இருட்டறைக் காலத்துப் பெயர். நெகற்றிவ்வுக்கு மங்கலான பொசிற்றிவ் ஒன்றைச் செய்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அச்சிட்டால் ஓரங்கள் தூக்கலாகத் தெரியுமாம். மங்கலைக் கொண்டு மங்கலைக் கழிக்கிற வித்தை. கணினியும் அதைத்தான் செய்கிறது. இருட்டும் வெளிச்சமும் தொடுகிற ஓரத்தில் இருட்டை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சத்தை இன்னும் வெளுப்பாக்கும். புதிதாக ஒரு விபரமும் வராது, வந்ததுபோல் கண்ணுக்குப் படும். எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர் அந்தக் காலத்தில் கலியாணப் பேச்சுக்குக் கொடுக்கும் படத்தின் நெகற்றிவ்வில், கூரான பென்சிலால் அம்மைத் தழும்பை 'டச்' பண்ணி மறைத்ததற்கும் இதற்கும் நெருங்கிய சொந்தம்.

அளவு என்ற கட்டையை நூற்றைம்பதுக்கு இழுத்தேன். பரவாயில்லை. முந்நூறு. ஐந்நூறு. ரெயினின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு முளைத்தது. பிறகு மின்கம்பத்துக்கு. பிறகு பனைகளுக்கு. சுவாமிப் படக் கலண்டரில் தலைக்குப் பின்னால் இருக்குமே, அந்த ஒளிவட்டம் கொக்குவிலில் நிற்கிற அத்தனை பனைக்கும் வந்துவிட்டது. ஒடியல் மாப் பொரியெல்லாம் இப்போது கடுகாகி வெடித்தது.

பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"இது எந்தக் கோயில் சப்பறம் மோனை?"

"ரெயின், பெரியம்மா."

"கண்டறியாத ரெயின்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான் தளரவில்லை. 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கி ஞாபகம் வந்தது. அதன் கண்ணாடியின் விளிம்பு, மனித மயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்களவு பிழையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. நட்சத்திரங்களெல்லாம் கரைந்துபோய்த் தெரிந்தன. 1993 டிசம்பரில் ஆட்கள் மேலே போய்ச் சரிசெய்யும்வரை, மங்கல் எப்படி ஏற்பட்டதென்று கணித்து அதைக் கணினியால் பின்னோக்கி அவிழ்த்துத்தான் விஞ்ஞானிகள் சமாளித்தார்கள். அவர்களுக்குக் கண்ணாடியின் பிழை எவ்வளவு என்று அளவாகத் தெரியும். என் படத்தில் ரெயின் ஒரு திசையில் ஓடியது, சைக்கிள் வேறொரு திசையில் புதைந்தது, என் கை நடுங்கியது, கன்னத்தில் நுளம்பு. இதற்குச் சமன்பாடு எழுதத் துணிகிற விஞ்ஞானி இன்னும் பிறக்கவில்லை.

(ஹபிள் மேலே போய் இரண்டு மாதத்தில், 1990 ஜூனில், போரால் இங்கே ரெயின் நின்றது. சிலிப்பர்கட்டையும் தண்டவாளமும் பங்கர்களுக்குப் போயின. ஹபிளுக்கு மூன்றரை வருடத்தில் கண் தெளிந்தது. யாழ்ப்பாண நிலையத்துக்கு 2014 ஒக்ரோபரிலும், கொக்குவில் தாண்டிக் காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும்தான் வண்டி திரும்பி வந்தது. ரெயின் தெரியாமலே வளர்ந்து கலியாணம் கட்டிய ஒரு தலைமுறை இங்கே உண்டு.)

கடைசியாக, கம்பஸில் படிக்கும் அயல்வீட்டுத் தம்பி ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் போனில் காட்டினான். பெயர் வேண்டாம். ஒரு தட்டுத் தட்டினான். பளிங்குபோல் வந்தது படம்! இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டோம். பிறகு பெருப்பித்துப் பார்த்தோம்.

கொக்குவில் ஸ்ரேசன் பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று வரி இருக்கும். செயலி அந்த மூன்றையும் கலந்து நாலாவது மொழியொன்றை உண்டாக்கியிருந்தது. நாட்டின் மொழிப் பிரச்சினைக்கு இப்படியொரு தீர்வை எந்த ஆணைக்குழுவும் முன்வைத்ததில்லை. யன்னலோரத்தில் மங்கலாக இருந்த ஒரு தலை, பல் முழுவதும் தெரியச் சிரிக்கும் சினிமா நடிகையாகிவிட்டது. விடியமுன் மெயிலில் கொழும்பிலிருந்து வந்து சேருகிற ஒருவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. இஞ்சின் நம்பர் மட்டும் துல்லியம். ஆனால் அந்த நம்பரில் ஒரு இலக்கம், இலக்கங்களில் இல்லாத இலக்கம்.

அத்தானை அப்படி ஏமாற்ற முடியாது. 1954 இலிருந்து கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த டீசல் இஞ்சின்களை வரிசையாகச் சொல்லுவார். கனடா மாகாணங்களின் பெயர்கள் அவற்றில் பலவற்றுக்கு இடப்பட்டன. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று போகும். சிறுவயதில் ஸ்ரேசனில் நின்று அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்த மனிதர். ஒன்ராறியோ இங்கே வந்தது, அவர் ஒன்ராறியோவுக்குப் போய்விட்டார்.

முடிவில் கலியாணப் படமெடுக்கும் நண்பரிடம் உண்மையான முக்காலியை இரவல் வாங்கினேன். பாதையிலிருந்து தள்ளி நிலத்தில் ஊன்றி, ஐ.எஸ்.ஓ.வை அடிமட்டத்துக்கு இறக்கி, கமராவின் கண்ணை இருபது செக்கன் திறந்து விட்டேன். மெயில் அந்த இருபதுக்குள் வந்து போய்விட்டது. அசையாமல் நின்றதெல்லாம் அச்சொட்டாக விழுந்தது. கேற், கற்குவியல், பனை, யாரோ வேலியில் சாத்திவிட்டுப் போன சைக்கிள். அந்தச் சைக்கிள் மணியில் கம்பனியின் பெயரைக்கூட வாசிக்கலாம். சாணையே தேவைப்படவில்லை. ரெயின் மட்டும், ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும் மஞ்சள் கோடு.

அதையே அனுப்பினேன். ஒரு கிழமை கழித்து அத்தான் எடுத்தார்.

"படம் மாட்டியாச்சு. வந்த ஆக்களெல்லாம் கேக்கினம், ரெயின் எங்கை எண்டு."

"அந்தக் கோடுதான் அத்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"ஓம், எங்கட வீட்டுக் கிணத்தடியிலை நிண்டு பாத்தா உப்பிடித்தான் தெரியிறது," என்றார். "கோடு கொஞ்சம் தடிப்பா இருந்தா நல்லது."

தடிப்பாக்கி அனுப்பியிருக்கிறேன்.