மெக்கானிக்கைக் கண்டால் கிளம்பும் கார்

கேள்வி: கொல்லிமலை ஏறி இறங்கி, காரவள்ளியில் டீ குடித்துவிட்டு வந்தால் கார் ‘டக்’ என்கிறது, அவ்வளவுதான். மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பினால் உடனே கிளம்புகிறது. மானம் போகிறது. என்ன கோளாறு?
— வாசகர், நாமக்கல்

பதில்: அவர் கைராசிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வந்து சேர்வதற்குள் இன்ஜின் ஆறிவிடுகிறது! 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கிய வண்டியில் ஸ்டார்ட்டரும் சேர்ந்தே கொதிக்கும். செம்புக் கம்பி 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை சுமார் 20 சதவீதம் உயரும். ஏற்கெனவே தேய்ந்த சாலினாய்டுக்கு (ஸ்டார்ட்டரை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) அது போதும், முரண்டு பிடிக்க.

அடுத்த முறை அவரைக் கூப்பிடும் முன் ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரியையும் அதன் டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை வெள்ளைப் பொடியையும் சந்தேகப்படுங்கள். வெளிச்சம் அசையாமல் ‘டக்’ மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் பக்கம்தான் பெரும்பாலும் குற்றவாளி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அதற்கு ஓய்வூதியம் கொடுத்துவிடலாம். இன்ஜினோடு இணையும் எர்த் ஒயரை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள். ஆறிய வண்டியில் சோதித்துப் பயனில்லை. கோளாறு வந்த அந்த நிமிடமே பிடிக்க வேண்டும்.

கியர் வண்டி என்றால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். அதற்காக மலை மேலே செம்மேட்டிலிருந்தே இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வராதீர்கள்: பிரேக் கட்டையாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கைவிடும். பிறகு மெக்கானிக் வந்தும் பயனில்லை.