ஐந்நூறைத் தாண்டாதீர்!

கேள்வி: விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தும் மின்கட்டணம் குறையவில்லையே, என்ன செய்வது?

பதில்: விளக்கு நிரபராதி, ஐயா! 9 வாட் எல்.இ.டி. பல்பைத் தண்டித்துவிட்டு, அல்லும் பகலும் சுழலும் 75 வாட் பழைய மின்விசிறியை விடுதலை செய்திருக்கிறீர்கள். நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடும் அவ்விசிறி இரண்டு மாதத்தில் 90 யூனிட்டை விழுங்க, ஏறக்குறைய அதே காற்றைத் தரும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியோ 36 யூனிட்டோடு திருப்தியடைகிறது. தமிழ்நாட்டில் இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைக் கடந்த மாத்திரத்தில், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய குறைந்த விகிதமும் பறிபோய்விடுவதால், அந்த எல்லையை அதிஜாக்கிரதையாகக் காக்க வேண்டும். ஆகையால், கணக்கெடுப்பவர் வரும்வரை காத்திராமல் வாரந்தோறும் மீட்டரைப் பாருங்கள். முதற்காரியமாக, அதிக நேரம் ஓடும் விசிறியை மாற்றுங்கள்.