மராக்கேஷ் மச்சான்

மராக்கேஷ் போய் வந்தவரோடு ஒரே வீட்டில் இருப்பது கஷ்டம். அவர் மனைவியின் அண்ணனாகவும் இருந்துவிட்டால், பேச்சு பிடிக்கவில்லை என்று எழுந்து போகவும் முடியாது.

மச்சான் சென்னையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சுற்றுலாக் கோஷ்டியோடு மொரோக்கோ போய்விட்டு, சூடு ஆறுமுன் காரைக்குடிக்கு வந்து இறங்கினார். ஜெமா எல் ஃப்னா சதுக்கத்தில் பாம்பாட்டி ஊதியது, பாம்பைப் படம் எடுத்ததற்குக் காசு கேட்டது, பாம்பைப் பார்த்து அலறியதற்குக் காசு கேட்காதது என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்தச் சதுக்கத்தை யுனெஸ்கோ 2001லயே கொண்டாடிருச்சு மாப்ளே. பழைய நகரத்தை 1985லயே உலகப் பாரம்பரியம்னு சொல்லியாச்சு."

எனக்கு ஊர் ரோஷம் வந்துவிட்டது. "நம்ம செட்டிநாட்டு ஊர்களும் 2014ல இருந்து யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல இருக்கு மச்சான்" என்றேன்.

"அது லோன் அப்ளிகேஷன் மாதிரி. இன்னும் சாங்ஷன் ஆகலை" என்றார். முப்பது வருஷம் அப்ளிகேஷன்களை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சொன்னால் மறுக்க முடிகிறதா?

மறுநாள் காலையில் தங்கையிடம் புதினா டீ கேட்டார். மொரோக்கோவில் அதை ஒரு முழ உயரத்திலிருந்து கண்ணாடித் தம்ளரில் ஊற்றுவார்களாம். எங்கள் பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டர் அதைவிட உயரத்திலிருந்து நாளெல்லாம் ஆற்றுகிறார். அவரைப் படம் எடுக்க ஒரு கோஷ்டியும் வந்ததில்லை. என் மனைவி அண்ணனின் ஆசையை வீணாக்கவில்லை. புதினாத் துவையல் அரைத்து இட்லியோடு வைத்தாள்.

அப்போதுதான் முடிவு செய்தேன், இவரைச் சுற்றுலாப் பயணியாகவே நடத்தி ஊரைக் காட்டிவிடுவது என்று. அதில் ஒரு சிக்கல் இருந்தது. காரைக்குடிக்காரர்களுக்குக் காரைக்குடியைச் சுற்றிப் பார்த்துப் பழக்கமில்லை. விருந்தாளி வந்தால் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போய்க் கும்பிட்டுவிட்டு, மதியம் சாப்பாடு போட்டுத் தூங்கவைப்போம். அதற்கு மேல் சுற்றுலா இங்கே கிடையாது.

ஆட்டோக்காரரிடம் ஆயிரம் ஜன்னல் வீட்டுக்குப் போகவேண்டும் என்றோம். "அங்க என்ன சார் இருக்கு? வீடு. அதுல ஜன்னல்" என்றார். மராக்கேஷில் வழி கேட்காத ஆளுக்கும் வழி காட்டி, கம்பளக் கடை வாசலில் கொண்டுபோய் விடுவார்களாம். இங்கே கிடைக்கிற சவாரியையும் வேண்டாம் என்று தடுக்கப் பார்க்கிறார் ஆட்டோக்காரர். அவரைச் சமாதானப்படுத்திக் கூட்டிப்போனோம். வெளியே நின்று பார்த்தோம். மச்சான் ஜன்னல்களை எண்ணத் தொடங்கினார். என் மனைவி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "யார் துடைச்சிருப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

கானாடுகாத்தான் பக்கம் போய்ப் பெரிய வீடுகளைப் பார்த்ததும் மச்சானுக்கு உற்சாகம் வந்தது. மராக்கேஷின் ரியாத் வீடுகள் இப்படித்தானாம். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள். ஆனால் ரியாத்தின் வெளிச்சுவர் மொட்டையாக இருக்கும். உள்ளே இருக்கிற செல்வம் தெருவுக்குத் தெரியாது. எங்கள் செட்டிநாட்டு நகரத்தார் வேறு கட்சி. பர்மாவில் சம்பாதித்தால் அது தெருவுக்கும் தெரியவேண்டும், அடுத்த தெருவுக்கும் தெரியவேண்டும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் மறுதெருவில். நடுவே வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. போதாததற்கு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சுதையில் லட்சுமி. சில வீடுகளில் காவலுக்குச் சுதைச் சிப்பாய். அந்தச் சிப்பாய்க்கு மட்டும்தான் நூறு வருஷமாக லீவு கிடையாது.

மச்சான் ஒரு சுவரைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியாக வழுக்கியது. "அங்கயும் இதே சுண்ணாம்புப் பூச்சுதான் மாப்ளே. கூழாங்கல்லால தேய்ச்சு, கறுப்பு சோப்புப் போட்டு மெருகேத்துவாங்க." இங்கே முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள் என்றேன். சோப்பு உயர்த்தியா, முட்டை உயர்த்தியா என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, "இன்னிக்கு முட்டை விக்கிற விலைக்குச் சோப்புதான்" என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறைக்குப் போனோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறைகளில் வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். பிறகு கண்ணாடி தனியே கழன்று வரும். பளபளப்பு கல்லிலேயே தங்கிவிடும். சூளை கிடையாது. மச்சான் அந்தத் தொழிலாளியிடம், மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்தில் சுட்ட ஓட்டைச் சின்னச் சின்னதாகச் சுத்தியால் கொத்தி எடுத்து அடுக்கும் விதத்தைக் கால் மணி நேரம் விளக்கினார். அவர் கையை நிறுத்தாமல் கேட்டு முடித்துவிட்டு, "உங்களுக்கு எத்தனை சதுரடி வேணும்?" என்றார்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம். உலகம் முழுக்க 'செட்டிநாடு சிக்கன்' விற்கிறது. காரைக்குடி வீடுகளில் அந்தப் பெயரில் யாரும் எதையும் சமைப்பதில்லை. இங்கே அது கோழிக்குழம்பு. மச்சான் சாப்பாட்டுக் கடை இலையில் உட்கார்ந்து 'செட்டிநாடு' எதுவென்று கேட்க, பரிமாறியவர் தரையைக் காட்டினார்.

கடைசியில் முனீஸ்வரன் கோயில் தெரு. மொரோக்கோவில் சந்தையைச் சூக் என்பார்களாம். எங்கள் ஊரில் சூக் என்று சொன்னால் இதைத்தான் சொல்லவேண்டும். பெரிய வீடுகளில் பங்காளிகளுக்குள் குடும்பங்கள் பெருகி, பர்மாவோடு வருமானமும் போய், ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்று பேசி முடிப்பதற்குள் கூரை இறங்கியதும், உள்ளே இருந்ததெல்லாம் இந்தத் தெருவுக்கு நடந்து வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடி, பித்தளை அண்டா, பூட்டு, ரவிவர்மா படம், நிலைக்கதவு, யாரோ ஒரு ஐயாவின் சட்டம் போட்ட புகைப்படம். அந்த ஐயா முறைத்துக்கொண்டிருந்தார். கீழே விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் யார்தான் சிரிப்பார்கள்?

மச்சான் ஒரு மங்குச் சாப்பாட்டு அடுக்கைப் பிடித்துக்கொண்டார். அடியில் செக்கோஸ்லோவாகியா முத்திரை. கடைக்காரர் நாலாயிரம் என்றார். "அந்த நாடே இப்ப கிடைக்காது சார்."

மராக்கேஷ் சூத்திரத்தை மச்சான் ஏற்கெனவே எனக்குப் பாடம் எடுத்திருந்தார். சொன்ன விலையில் கால் பங்கு கேட்க வேண்டும். மறுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டும். கடைக்காரன் பின்னால் ஓடிவருவான். மச்சான் ஆயிரம் என்றார். கடைக்காரர், "இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு தினத்தந்தியைப் பிரித்தார்.

மச்சான் நடந்தார். முதலில் வேகமாக. பிறகு மெதுவாக. அடுத்த கடை வாசலில் நின்று ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார். திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் ஆறாம் பக்கத்தில் இருந்தார். மச்சான் தெருக்கோடிவரை போய், யாரும் கூப்பிடாததால், "குடையை வெச்சிட்டேன்" என்று திரும்பி வந்தார். குடை கையிலேயே இருந்தது. லாரி பிடித்துத் தூண்களை ஏற்றிப்போகும் ஓட்டல்காரர்களையும் சினிமாக்காரர்களையும் பார்த்த தெரு இது. ஓர் அடுக்குக்காக யார் ஓடுவார்கள்?

அதுவரை கடைப்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி எழுந்தாள். "தம்பி, நீங்க எந்த ஊரு?"

"இங்கதாங்கா. அம்மா ஊரு கல்லல்."

மச்சான் கண்ணைக் காட்டினார், வேண்டாம் என்று. காலையிலிருந்து அவர் கட்டிக் காப்பாற்றிய அயல்நாட்டுத் தோரணை அது. "அப்படியா! நாங்களும் கல்லல்தான். எங்க அண்ணன் அங்கதான் படிச்சாரு. டவுசர் கிழிஞ்சு அழுதுக்கிட்டு வருவாரு" என்றாள் அவள்.

கடைக்காரர் தினத்தந்தியை மடித்தார். ஸ்டூல் வந்தது, காபி வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மாவும் என் மனைவியும் யார் யாரெல்லாம் செத்துப்போனார்கள் என்று கணக்குப் பார்த்து முடித்தபோது விலை மூவாயிரத்து ஐந்நூறாகியிருந்தது. அடுக்கோடு ஒரு சின்ன ஜாடியும் இனாமாக வந்தது. வெற்றிக் களிப்பில் மச்சான் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

மீதிச் சில்லறையோடு கடைக்காரர் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றையும் நீட்டினார். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். "அம்மா சொல்லிருச்சு, மாமா கட்டாயம் சென்னையில இருந்து வந்துரணும்."

ஆட்டோவில் மச்சான் மடியில் அடுக்கை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஆயிரத்தொன்று மொய், போக வர ரயில் சார்ஜ், தங்கைக்கும் சேர்த்து எடுக்கவேண்டிய புடவை.

"மராக்கேஷே மலிவு, மாப்ளே" என்றார்.

"மொய் உங்க பேர்ல எழுதணுமா, எங்க பேர்ல எழுதணுமாண்ணே?" என்று கேட்டாள் என் மனைவி.