காலணிக்கும் அளவு, கோப்பைக்கும் அளவு

கேள்வி: ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் பெண் ஒருவர், நீச்சல் கற்க விரும்பி முதன்முறையாக மாதவிடாய்க் கோப்பை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எவ்வளவு அழகிய செருப்பாயினும் அளவு தவறினால் கடிக்கும் என்பதை ஆம்பூருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கோப்பைக்கும் அதுவே விதி. நாப்கின் குளத்து நீரையே உறிஞ்சி ஊதிவிட, மருத்துவத் தர சிலிக்கோனால் ஆன கோப்பையோ யோனிக்குழலுக்குள் விரிந்து, சுவரோடு பொருந்தி, உதிரத்தை உறிஞ்சாமல் ஏந்திக்கொள்வதால் நீச்சலுக்கு ஏற்றதாகிறது. சுகப்பிரசவம் ஆகாதவருக்குப் பெரும்பாலும் சிறிய அளவு பொருந்துமெனினும், கருப்பை வாய், அதாவது கருப்பையின் கீழ்முனை, தாழ்ந்திருப்பவருக்குக் குட்டையான கோப்பையே நலம். கருப்பை வாயின் உயரத்தை மாதவிடாய் நாளில் கழுவிய விரலால் தொட்டே அறியலாம். கேரளத்தின் ஆலப்புழையில் 2019-இல் ‘திங்கள்’ திட்டத்தின்கீழ் 5,000 கோப்பைகள் இலவசமாக வழங்கப்பட்டன என்பதால், இது நமக்கு ஒவ்வாத பொருள் என்ற தயக்கம் வேண்டாம். கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்து, ஓரிரு மாதங்கள் வீட்டில் பழகிய பின்னரே குளத்தில் இறங்குவதும், 12 மணி நேரத்திற்குள் கழற்றிக் கழுவுவதும் அவசியம். காப்பர்-டி கருத்தடைச் சாதனம் பொருத்தியவர்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.