மாப்ளையும் ஏரியலும்

ஏ மாப்ளே, இப்படி வந்து உக்காரும். நேத்து ராத்திரி நீரு அந்தப் புது ரேடியோவைப் போட்டு வஞ்ச வசவு அடுக்களை வரைக்கும் கேட்டுச்சு. பாட்டுதான் கேக்கலை. நீரு எனக்கு முதல்ல அக்கா மகன், பொறவுதான் மருமகன். அதனால மரியாதை அங்கங்க கொறைஞ்சு வந்தா கண்டுக்கிடாதீரும்.

போரூர்ல முதல் மாடி வீடு. முன்னால பத்து மாடிக் கட்டடம், பின்னால பாதி கட்டி நிக்குத இன்னொண்ணு. வீட்டுக்குள்ள நடு ரூம்பு, ரூம்புல ஒரு மூலை, மூலையில இரும்பு பீரோ. அந்தப் பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல ரேடியோ! கம்பியை நீட்டினா திரைச்சீலையில மாட்டுதுன்னு அதையும் மடக்கி உள்ள தள்ளியாச்சு. பெட்டி வெலையை எம்மவ சொன்னா. அந்தக் காசுக்கு நம்ம ஊர்ல ஒரு வெள்ளாட்டைப் பிடிச்சிருக்கலாம். நகையைக்கூட இவ்வளவு பந்தோபஸ்தா யாரும் ஒளிச்சு வைக்கிறதில்ல. இதுல "சென்னையில சிக்னலே சரியில்ல மாமா"ன்னு பிராது வேற.

ஊரைக் குத்தம் சொல்லுததுக்கு முன்னால ஊரு சங்கதி தெரியணும்வே. 1924-லயே கிளப் வச்சு ரேடியோ விட்ட ஊரு இது. அவங்க கை காஞ்சு மூணு வருசத்துல மூடின பொறவு, 1930-ல மாநகராட்சியே எடுத்து நடத்துச்சு. அகில இந்திய வானொலி வந்தது 1938-ல. இந்தியாவுலயே பண்பலையை முதமுதல்ல விட்டது எந்த ஊருன்னு கேட்டா டெல்லிம்பீரு. இல்லவே, மெட்ராஸ். 1977 ஜூலை 23. சூரியனும் மிர்ச்சியும் 2003-ல வந்தப்ப எஃப்எம்மை அவங்கதான் கண்டுபிடிச்ச மாதிரி நீங்க எல்லாரும் குதிச்சீங்க. அதைச் சொன்னா எனக்கு வயசாயிட்டும்பீரு.

எங்க காலத்து மீடியம் வேவு வேற சாதி. சென்னை ஸ்டேஷன் 720 கிலோஹெர்ட்ஸ்ல வருதே, அந்த அலை ஒண்ணோட நீளமே நானூறு மீட்டருக்கு மேல. தரையோட தவழ்ந்து வரும், மேட்டைச் சுத்தி வரும், ராத்திரியானா வானத்துல முட்டித் திரும்பி வரும். அப்படித்தான் கடலுக்கு அந்தாண்ட இருந்து வந்த இலங்கை வானொலியைத் தெக்குச் சீமை டீக்கடை பூராவும் கேட்டோம். உம்ம பண்பலை அலை மூணே மீட்டர். நேரா மட்டும்தான் போவத் தெரியும், மேல போனது போனதுதான். கோபுரம் நூறு மீட்டர் உசரம்னா ஒரு நாப்பது கிலோமீட்டருக்கு எட்டும். எட்டுத தூரத்தை இரட்டிப்பாக்கணும்னா கோபுரத்தை நாலு மடங்கு உசத்தணும். அதுக்கப்புறமும் உம்ம பீரோ ஒண்ணு நடுவுல நிக்கும்.

காருல போவும்போது ஒரு கூத்து நடக்குமே, கவனிச்சிருக்கீரா? சிவப்பு விளக்குல நிப்பாட்டினா பாட்டு கொரகொரங்கும். முன்னால நிக்கவன் நகர, நீரும் ஒரு எட்டு நகர, பளிச்சுன்னு தெளியும். நீரு உடனே டேஷ்போர்டைத் தட்டுவீரு. தட்டினதுக்கும் தெளிஞ்சதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கோபுரத்துல இருந்து நேரா வாரது ஒரு அலை, கண்ணாடிக் கட்டடத்துல பட்டுத் திரும்பி வாரது இன்னொரு அலை. ரெண்டும் ஒத்துப்போன இடத்துல பாட்டு, மோதின இடத்துல இரைச்சல். ஒத்துப்போன இடத்துக்கும் மோதுத இடத்துக்கும் முக்கால் மீட்டர்தான் தூரம். வீட்டுலயும் இதே கததான். எம்மவ துணி மடிச்சுக்கிட்டே குறுக்க வந்தா ரேடியோ தெளியுது, அவ போனா கெட்டுப்போவுதுன்னு சொன்னீரே, அது பொய் இல்ல. ஆள் உடம்புலயும் அலை பட்டுத் திரும்பத்தான் செய்யும். அதுக்காக அவளை நாள் முழுக்க அங்கனயே நிறுத்தி வைக்கலாம்னு பாக்காதீரும். பெட்டியை நகத்தும்.

பாண்டிச்சேரிக்குப் போவும்போது ஹலோ எஃப்எம் கேட்டுக்கிட்டே போவும். இங்கனயும் 106.4, அங்கனயும் 106.4. நடுவழியில சென்னை நகைக்கடை விளம்பரம் ஓடிக்கிட்டே இருக்கும்போது, சட்டுனு பாண்டிச்சேரிக்காரன் உள்ள வந்திருவான். ஒரு மேடு ஏறினா திரும்ப சென்னை. மீடியம் வேவுன்னா ரெண்டும் சேந்து கொழம்பிக் கேக்கும். பண்பலையில பங்காளி மாதிரி பாதிப் பாதி பிரிக்குத வேலையே கிடையாது, வலுத்தவன் மொத்தத்தையும் சுருட்டிக்கிடுவான்.

"ஒரு ஸ்டேஷன் மேல இன்னொண்ணு ஏறுது"ன்னும் ஒரு குறை சொன்னீரு. 91.1, 91.9, 92.7, 93.5, 94.3ன்னு கணக்கா புள்ளி எட்டு இடைவெளி விட்டுத்தான் ஊருக்குள்ள வச்சிருக்கான். தனியார்காரங்க ஆளுக்கொரு கோபுரம் நடவும் இல்ல, பொதுக் கோபுரத்துலதான் கூட்டா ஏறி இருக்காங்க. அந்தக் கோபுரத்தடியில குடியிருக்கவன் மொட்டை மாடியில இருந்து நீட்டுக் கம்பி இழுத்தான்னு வையும், பெட்டி திணறி ஒரே பாட்டு நாலு இடத்துல கேக்கும். கிட்ட இருக்கவனுக்கு இப்படி, எட்ட இருக்கவனுக்கு அப்படி. சும்மா இருக்கவன்தான் யாருமில்ல.

மெட்ரோவைப் பத்தி ஒரு பேச்சு. ஏர்போர்ட்டுல இருந்து சின்னமலை வரைக்கும் மேல வாரீரு, சைதாப்பேட்டைக்கு வண்டி பாதாளத்துல இறங்குது. அங்கன பாட்டு நின்னா ஆர்ஜேயைத் திட்டப்படாது.

செல்போனுக்கு வருவோம். போன்ல எஃப்எம் கேக்கணும்னா காதுல மாட்டுத ஒயர்தான் ஏரியல். நீரு ஒயர் இல்லாத குமிழை வாங்கிச் சொருகிக்கிட்டு, "ஹெட்செட்டை இணைக்கவும்"னு போன் கெஞ்சினா அதையும் வையுதீரு. ஆப்புல கேக்கலாம்தான். டேட்டா தின்னுக்கிட்டு, கொஞ்சம் பிந்தி வரும். 2015 வெள்ளத்துல கரண்டும் போயி செல்லும் படுத்தப்ப, ஆப்பை வச்சுக்கிட்டு என்னத்தக் கேட்டீரு? பக்கத்து வீட்டுப் பாட்டியோட பேட்டரி ரேடியோகிட்டத்தானே போயி காதை நீட்டினீரு.

சரி, வேலையைப் பாப்போம். பெட்டியை எடுத்து ஜன்னல் பக்கம் வையும். கம்பியை முழுசா, முக்கால் மீட்டருக்கு நீட்டும். நிமித்திப் பாரும், சாய்ச்சுப் பாரும், எங்க தெளியுதோ அங்க விடும். பக்கத்துல இருக்க மலிவு சார்ஜரையும் எல்இடி பல்பையும் ஒருக்கா அணைச்சுப் பாரும், பாதி இரைச்சல் அதுகளோடது. பின்னால ஸ்டீரியோ, மோனோன்னு ஒரு பொத்தான் இருக்கும். மோனோவுல போட்டா இரைச்சல் அடங்கும். "ஸ்டீரியோன்னுதானே காசு குடுத்தேன்"னு முழிக்காதீரும். வச்சிருக்கது ஒத்தை ஸ்பீக்கர், அதுல என்ன ஸ்டீரியோ?

இவ்வளவும் செய்ய மனசில்லையா, பீரோ இடுக்குதான் லட்சணமா இருக்கா? ரொம்ப நல்லது. பெட்டியைப் பேப்பர்ல சுத்தி என் பையில வச்சிரும். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறுதேன். நம்ம வீட்டுத் திண்ணையில பத்து மாடியும் கிடையாது, பீரோவும் கிடையாது. அங்கனயும் 106.4 வருது.